வெட்டுவதைக் கடைசியில் வையுங்கள்: வனாந்தர வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் வனாந்தர வரைபடம் போடப் பழகும் சிலரின் வேலையை உட்கார்ந்து பார்த்தேன். மனிதக் கை அதிகம் படாத நிலம் எங்கே மிஞ்சியிருக்கிறது, எதை மையப் பகுதியாகக் காக்க வேண்டும், எங்கே பாதை விடலாம் என்றெல்லாம் முடிவெடுக்க உதவும் படம் அது. ஆரம்பத்தில் நான் செய்த அதே பிழைகள் வரிசையாக வந்தன. ஆய அமைப்பு (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) பொருந்தாமல் போவது, பழைய ஷேப்ஃபைலை (வரைபடத் தரவுக் கோப்பு) திறந்துவிடுவது போன்றவை பார்த்தவுடன் தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். படம் அழகாக வந்திருக்கும், தவறு உள்ளே உட்கார்ந்திருக்கும். அந்த வகையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எல்லையில் வெட்டிவிட்டுத் தூரம் அளப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் தருகிற தவறு இது. கணினி வேகமாக ஓட வேண்டும் என்று சாலை, குடியிருப்பு, மின்கம்பி என்று தனித்தனித் தரவு அடுக்குகளாக இருக்கும் லேயர்களையெல்லாம் முதல் வேலையாக ஆய்வு எல்லையோடு வெட்டி, கிளிப் செய்துவிடுகிறார்கள். அதன் பிறகே ஒவ்வொரு பிக்சலுக்கும் (படத்தின் ஒரு சிறு சதுரம்) பக்கத்துச் சாலை எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறார்கள்.

எல்லைக்கு வெளியே 400 மீட்டரில் ஒரு தார்ச்சாலை போகிறது என்று வையுங்கள். வெட்டியபின் மென்பொருளுக்கு அப்படியொரு சாலையே கிடையாது. அது எல்லைக்கு உள்ளேதான் தேடும். தெற்கே 14 கி.மீ. தள்ளி ஒரு மண்சாலை அகப்படும். 0.4 வரவேண்டிய இடத்தில் 14 என்று எழுதி வைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

என் படத்தில் வடக்கு விளிம்பு முழுக்கக் கரும்பச்சையாக இருந்தது. மிக ஒதுக்குப்புறமான நிலம் என்று அதையே மையப் பகுதிக்குப் பரிந்துரைத்தேன். கள ஆய்வுக் குழு ஒன்பது நாள் அங்கே செலவழிக்கத் திட்டம் போட்டு, கிளம்பியும் விட்டது. அதன் பிறகுதான் மூத்த வனக் காவலர் ஒருவர் அச்சுப் படத்தை மேசையில் விரித்து, அந்தக் கரும்பச்சையில் விரலை வைத்தார். "ராத்திரியில லாரி கியர் மாத்துற சத்தம் கேக்குமே, அந்த இடமா தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உண்மையிலேயே எட்டாத ஒரு பள்ளத்தாக்கு நடுவில் இரண்டாம் தர நிறத்தில் கிடந்தது. குழு திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பள்ளத்தாக்கில் கால் வைக்க அடுத்த பருவம் வரை காத்திருந்தோம்.

செய்ய வேண்டியது இதுதான். சாலையிலிருந்து 20 கி.மீ. தூரம் வரை ஒதுக்குப்புறத்துக்கான மதிப்பெண் மாறும் என்றால், எல்லையைச் சுற்றி 20 கி.மீ. பஃபர் (கூடுதல் வளையம்) போட்டு, அதற்குள் உள்ள எல்லாச் சாலைகளையும் வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். கணக்கு முழுதாக முடிந்தபின் வெட்டுங்கள். பார்வைக்குப் படும் கட்டுமானங்களுக்கும் இதே விதிதான். ஸ்காட்லாந்து 2014-இல் 42 காட்டுநிலப் பகுதிகளை அடையாளம் கண்டபோது, நவீனக் கட்டுமானங்கள் கண்ணில் படாமையையும் ஓர் அளவையாக வைத்தது. முகட்டில் நிற்பவருக்கு எல்லைக்கு வெளியே உள்ள கோபுரமும் தெரியத்தானே செய்யும்? எல்லைக்கு அப்பால் வேறு நாடு, தரவு கிடைக்கவில்லை என்றால் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சாலைகளை நீங்களே வரையுங்கள். அதுவும் முடியாத விளிம்பைக் கோடு போட்டு 'தரவு இல்லை' என்று காட்டுங்கள்.

சோதிக்க ஒரு வழி உண்டு. முடிந்த படத்தின் மேல் வெட்டாத சாலை லேயரைப் போட்டுப் பாருங்கள். விளிம்பை நெருங்க நெருங்க ஒதுக்குப்புறத் தன்மை கூடிக்கொண்டே போனால் நம்பாதீர்கள்.

நேர்கோட்டுத் தூரத்தையே நம்புவது

காட்டில் யாரும் நேர்கோட்டில் நடப்பதில்லை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதியே இன்றும் நல்ல தொடக்கம்: மணிக்கு 5 கி.மீ. நடை, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். சமதளத்தில் 4 கி.மீ. நடக்க 48 நிமிடம் போதும். அதே தூரத்தில் 900 மீட்டர் ஏற வேண்டுமென்றால் 2 மணி 18 நிமிடம் ஆகும். இறங்கிக் கடக்க முடியாத ஆறு குறுக்கே இருந்தால் அதைத் தடையாகவே குறியுங்கள்.

பச்சையெல்லாம் காடு என்று எண்ணுவது

தைலமரத் தோப்பும், செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் தாவரக் குறியீட்டில் அடர்ந்த பச்சையாகத்தான் வரும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் மிகத் தெளிவான நிறப் பட்டைகளிலும் ஒரு பிக்சல் 10 மீட்டர். ஒற்றையடிப் பாதை அதில் தெரியாது. நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எடையை ஒரே ஒரு தடவை போடுவது

சாலைத் தூரம், கட்டுமானம், தாவரம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கு என்பதே எடை. அதை மாற்றி மாற்றிப் போட்டு, படம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

உண்டு, இல்லை என்று கோடு கிழிப்பது

அமெரிக்காவின் 1964 வனாந்தரச் சட்டத்தில், எதை வனாந்தரம் என்று கொள்வது என்பதற்கு 5,000 ஏக்கர் என்ற அளவு வருகிறது. அது சட்டத்தின் தேவைக்காக வைத்தது. நிலம் படிப்படியாக மாறுகிறது. மனிதத் தடம் பற்றிய உலக வரைபடம் 8 வகை அழுத்தங்களைக் கூட்டி 0 முதல் 50 வரை மதிப்பெண் தருவது அதனால்தான். மதிப்பெண் படத்தை முதலில் கொடுங்கள். கோட்டை எங்கே கிழிப்பது என்பதை நிலத்தை நிர்வகிப்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

சாலை இல்லை, அதனால் ஆளும் இல்லை

இருப்பார்கள். தேன் எடுக்கப் போகும் தடம், பருவத்துக்குப் பருவம் மந்தை ஓட்டிச் செல்லும் வழி, மூதாதையர் புதைந்த இடம் எதுவும் சாலை லேயரில் வராது. அங்கே வாழ்பவர்களிடம் படத்தைக் கொடுத்து, அவர்கள் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். எவற்றை வெளியிடலாம், எவற்றை வெளியிடக் கூடாது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.