பாட்டி வீடு இருக்கிறதே என்று மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்

இரண்டு வாரம் விடுப்பு, அடுத்த நான்கு வாரம் வேலூர் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை, பிள்ளையை அம்மா பார்த்துக்கொள்வார், அண்ணன் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருப்பாள். லண்டனில் டிக்கெட் போடும்போது என் கணக்கு இப்படித்தான் இருந்தது. பிள்ளைகளோடு ஊருக்கு வந்து வேலையும் பார்க்க நினைக்கிற பலர் போடும் கணக்கும் இதுதான். (வெளிநாட்டிலிருந்து வேலை செய்ய உங்கள் கம்பெனி அனுமதிக்கிறதா என்பதை முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.)

நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் பெரிய லீவு மே மாதம். ஜூனில் திறந்துவிடுவார்கள். லண்டனில் பள்ளி மூடுவதே ஜூலைக் கடைசியில். நாங்கள் காட்பாடியில் வந்து இறங்கினால், அண்ணன் பிள்ளைகள் காலை எட்டு மணிக்கே வேன் ஏறிப் போய்விடுகிறார்கள். திரும்ப நாலரை ஆகிறது. பிறகு ட்யூஷன். இரு பக்கமும் லீவு சேர்ந்து வருவது டிசம்பர்க் கடைசியில், அரையாண்டுத் தேர்வு முடிந்து. அப்போது வெயிலும் இருக்காது. தேதியை மாற்ற முடிந்தால் அதுதான் நல்லது. மே மாதம் வந்தால் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பதினோரு மணிக்கு மேல் யாரும் வெளியே போக முடியாது.

அடுத்து மணிக்கணக்கு. லண்டனின் கோடைக்காலக் காலை 9 மணி நமக்கு மதியம் 1.30, அங்கே வேலை முடியும் மாலை 5 மணிக்கு இங்கே இரவு 9.30. காலை முழுக்கப் பிள்ளை நம்மோடு, மதியத்திலிருந்து படுக்கும்வரை வேறு ஆள் வேண்டும். டொராண்டோக்காரர்களுக்கு இது தலைகீழ்: வேலை மாலை 6.30க்குத் தொடங்கி அதிகாலை 2.30க்கு முடியும். அவர்களுக்கு ஆள் தேவைப்படுவது காலையில், தாங்கள் தூங்குகிற நேரத்துக்கு.

இப்போது அம்மா. "எனக்கென்னடி, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஐந்து வயதுக்காரி மாடிப்படியில் ஏறி இறங்க, அறுபத்தெட்டு வயது அம்மா பின்னாலேயே போனார். நான் அறைக்கதவை மூடிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தேன். முட்டி வலிக்கு ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுத்தார் என்பதை, நாங்கள் திரும்பிப் போன பிறகு அண்ணி போனில் சொன்னார். ஆறு வாரமும் அந்த வீட்டிலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அதனால் சொல்கிறேன், அம்மா பக்கத்தில் இருக்கட்டும், கதை சொல்லட்டும், சோறு ஊட்டட்டும். பின்னால் ஓடுவதற்கு இன்னொரு ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள்.

அந்த ஆளை எங்கே தேடுவது? நான் முதலில் கேட்பது நர்ஸ்களிடம். பெரிய மருத்துவமனையை நம்பி வாழும் ஊர் இது. ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு எந்த க்ரெஷ் நல்லது, எந்த அக்கா நம்பிக்கையானவர் என்பது அத்துப்படி. சத்துவாச்சாரி, பாகாயம், காந்தி நகர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், இரண்டு நாளில் பெயர் வந்துவிடும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அண்ணியையோ அத்தையையோ நேரில் போய்ப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். நேரம், சாப்பாடு, ஞாயிறு லீவு, வீட்டு வேலையும் உண்டா இல்லையா, எல்லாம் அப்போதே முடிவாகட்டும். பவுண்டில் பார்த்தால் சின்னத் தொகை. அதில் பேரம் வேண்டாம். "சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கா, ஸ்கூலுக்குப் போகல" என்று யாராவது சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். அதைவிட, நம் பிள்ளையைப் பார்க்க இன்னொரு பிள்ளையைப் படிப்பை விட்டு நிறுத்தலாமா?

ஆள் வந்த முதல் மூன்று நாள் நீங்கள் லேப்டாப்பைத் திறக்காமல் கூடவே இருங்கள். வீட்டை அவரோடு சேர்ந்து சுற்றிப் பாருங்கள். சம்ப் மூடி சரியாக மூடியிருக்கிறதா, மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், கேட்டுக்குத் தாழ்ப்பாள் உண்டா. குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கம் கிராமத்து வீடென்றால் கிணறுதான் என் பெரிய பயம். அங்கே வயல் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. தெருநாயைத் தடவப் போகக்கூடாது என்பதைப் பிள்ளைக்கு விமானம் ஏறுமுன்பே சொல்லிக்கொடுங்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும். 108 (ஆம்புலன்ஸ்), 1098 (குழந்தைகள் உதவி எண்), உங்கள் நம்பர், பிள்ளைக்கு ஒவ்வாத சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

காலை நேரம் நம்முடையது. கோட்டைக்கு ஏழு மணிக்கே போய்விடுவோம். அகழியைப் பார்த்துக்கொண்டு நடந்து, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளியைத் தேடச் சொன்னால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. அமிர்தி உயிரியல் பூங்காவுக்கு ஒரு நாள் போதும். ஆடி மாதமாக இருந்தால் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பிள்ளை கையிலும் ஒரு சொம்பைக் கொடுத்து அனுப்புங்கள்.

நாலரைக்கு மேல் வரும் வெறுமைக்கு எனக்கு உதவியது ட்யூஷன் டீச்சர். அண்ணன் பிள்ளைகளோடு இவளையும் உட்கார வைக்கலாமா என்று கேட்டேன், சம்மதித்தார். பாய் விரித்து, ஸ்லேட்டில் அ, ஆ. ஆறாவது வாரம் பேருந்துப் போர்டில் 'ஆற்காடு' என்பதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, சரியா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.