வருசப்பிறப்புக்கு நாலு மரக்கறி, எங்கட சித்திரை வெயிலுக்கு ஏத்த மாதிரி

திருகோணமலையில சித்திரை வருசம் வாற நேரம் வெயில் எப்பிடியெண்டு தெரியும்தானே. தம்புள்ளையால வந்து இறங்குற கரட், போஞ்சி, லீக்ஸ் எல்லாம் பின்னேரத்துக்குள்ளயே வாடிப்போயிரும், வருச நேரமெண்டு விலைக்கும் கிட்டப் போக ஏலாது. ஆனா அதே நேரம் வளவுக்குள்ள மாங்காய் தொங்கும், வேம்பு பூத்துக் கொட்டும், பிலாப்பிஞ்சு வரும், கஜுவும் அப்பத்தான் சீசன். அதால ஏப்ரல் 14 சமையலுக்கு நான் மலைநாட்டு மரக்கறி வாங்குறதையே விட்டுட்டன். கீழ சொல்லுற அளவு 6 பேருக்குக் காணும். எப்பிடிச் சமைக்கிறதெண்டதை விட எதை எப்ப வைக்கிறதெண்டதுதான் இதில விசயம், ஏனெண்டா தேங்காய்ப்பால் விட்ட கறி இந்தச் சூட்டுக்கு மத்தியானம் தாண்டினாலே புளிக்கப் பாக்கும்.

முதல் பிஞ்சுப் பிலாக்காய். இதை 13ம் திகதி இரவே அடுப்பில ஏத்திருங்கோ. தோல் சீவினது 1 கிலோ போதும். கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் நல்லாப் பூசிட்டு வெட்டுங்கோ, பால் வடிஞ்சா பழைய பேப்பரால துடைச்சு எடுங்கோ. வெட்ட வெட்ட மஞ்சள்தண்ணிக்குள்ள போடுங்கோ, இல்லாட்டி கறுத்துரும். மண்சட்டியில வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை, றம்பை, ஒரு துண்டு கறுவா எல்லாம் வதக்கி, வறுத்த கறித்தூள் 3 மேசைக்கரண்டி, தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைச்சு விட்டு, உப்பும் போட்டு, துண்டுகள் மூடுற அளவுக்குத் தண்ணி விட்டு மெல்லிய நெருப்பில 1 மணித்தியாலத்துக்கு மேல அவிய விடுங்கோ. கன பேர் இரவிலயே தேங்காய்ப்பாலும் விட்டு இறக்குவினம், அது வேண்டாம். விடிய எழும்பி வடிவாக் கொதிக்க வச்சு, ஒரு கப் முதற்பால் விட்டு வத்த விடுங்கோ. இரவு முழுக்கப் புளியும் தூளும் ஊறினதால அந்தத் துண்டு இறைச்சி மாதிரி இருக்கும், அண்டைக்கு மச்சம் இல்லையெண்டு முகத்தைத் தூக்கி வச்சிருக்கிற ஆக்களும் வாய் திறக்காயினம்.

இனி நேரக்கணக்கு. வருசம் பிறக்கிறது வாக்கிய பஞ்சாங்கத்தில ஒரு நேரம், திருக்கணிதத்தில இன்னொரு நேரம், எங்கட வீட்டில அப்பா ஒரு பக்கம் மாமியாக்கள் மற்றப்பக்கம், ஒவ்வொரு வருசமும் இதே கதைதான். எந்தக் கணக்கெண்டு முதல்நாளே முடிவெடுத்துருங்கோ, மருத்துநீர் (மூலிகை அவிச்ச தண்ணி) தலையில வச்சுக் குளிச்சிட்டு வந்துதான் மிச்சச் சமையல்.

விடிய முதல் வேலை மாங்காய்ப் பச்சடி, இதுக்குப் பால் இல்லாததால இரவு வரைக்கும் நிக்கும். நல்ல புளி மாங்காய் 2, தோலோட நீட்டுத்துண்டா வெட்டி, கொஞ்சத் தண்ணியில உப்பு, மஞ்சள், தட்டின இஞ்சி போட்டு அவியுங்கோ. பாதி அவிஞ்சதும் சர்க்கரை (வெல்லம்) 100 கிராம் போடுங்கோ. சீனி போட்டா வெறும் இனிப்புத்தான் நிக்கும், அந்த நிறமும் மணமும் வராது. கடுகும் செத்தல் மிளகாயும் தாளிச்சுக் கொட்டுங்கோ. வேப்பம்பூ ஒரு மேசைக்கரண்டி, நெய்யில கருகாம மண்ணிறமா வறுத்து இறக்கின பிறகுதான் மேலால தூவவேணும், அடுப்பில இருக்கேக்க போட்டா முழுச்சட்டியும் கசக்கும்.

பிறகு வாழைக்காய்ப் பிரட்டல், இது லேசு. மொந்தன் காய் 3, தடிப்பா அரைவட்டமா வெட்டி உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பொரிச்சு எடுங்கோ. அதே தாச்சியில எண்ணெயைக் குறைச்சுட்டு வெங்காயம், இடிச்ச செத்தல் மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, பொரிச்சதைப் போட்டு ஒரு பிரட்டு. அடுப்பால இறக்கின பிறகு தேசிக்காய்ப்புளி, அடுப்பில வச்சு விட்டா கைச்சுப்போகும்.

கடைசியாத்தான் கஜுப் பால்கறி, சாப்பிட இருக்கிறதுக்கு முக்கால் மணித்தியாலம் முதல் தொடங்கினாக் காணும். பச்சைக் கஜு கிடைச்சா அதுதான் ருசி, ஆனா கோதில இருக்கிற பால் பொல்லாதது, எண்ணெய் பூசாம உரிக்க வெளிக்கிட்டு ஒருக்கா எனக்கு விரல் நுனித்தோல் எல்லாம் உரிஞ்சு, வருசத்தண்டைக்குக் கரண்டியாலதான் சோறு திண்டனான். இப்ப உரிச்சு வச்சிருக்கிற ஆக்களிட்டத்தான் வாங்குறது. காஞ்ச கஜு எண்டா 250 கிராம், முதல்நாள் இரவே ஊறப்போட்டு, விடிய மஞ்சளும் ஒரு சிட்டிகை அப்பச்சோடாவும் போட்டு நசிக்கிற பதத்துக்கு அவிச்சு வடியுங்கோ. சோடா கூடினாச் சவுக்காரம் மாதிரி இருக்கும், கவனம். பிறகு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், றம்பை, உப்பு, மஞ்சளோட இரண்டாம் பாலில கொதிக்க விட்டு, கடைசியா முதற்பால் விட்டு அகப்பையால துழாவிக்கொண்டே நில்லுங்கோ, பொங்க விட்டாத் திரைஞ்சுரும், ஓரத்தில கொதி தட்டுறதைக் கண்ட உடனே இறக்கிருங்கோ.

கஜுக்கறியை மிச்சம் வைக்காதீங்கோ, பிள்ளையளுக்கு இன்னொரு அகப்பை போட்டு முடியுங்கோ. பிலாக்காய் மிஞ்சினா ஆறின உடனே பிரிட்ஜில வச்சு, அடுத்தநாள் விடியச் சூடாக்கிப் புட்டோட சாப்பிடுங்கோ, பாணோடயும் போகும்.