கேமராவையும் அலாரத்தையும் ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் இயக்கும் மென்பொருள்) இணைப்பது எப்படி?

கேமரா வாங்கும்போதே ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கேமராக்களுக்கான பொதுத் தரம்) அல்லது ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பும் முறை) வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தன் சொந்த ஆப்பில் மட்டும் ஓடும் கேமராவை ஹோம் அசிஸ்டன்ட்டுக்குள் கொண்டுவருவது பெரிய தலைவலி. ரவுட்டரில் கேமராவுக்கு நிலையான ஐபி (மாறாத நெட்வொர்க் முகவரி) ஒதுக்கி, கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றி, ஆன்விஃப் கேமரா என்றால் ஹோம் அசிஸ்டன்ட்டின் ஆன்விஃப் இன்டக்ரேஷனில் (இணைப்புப் பகுதி) அந்த விவரங்களைக் கொடுத்தால் படம் வந்துவிடும். வெளியூரிலிருந்து பார்க்க ஆர்டிஎஸ்பி வீடியோ வரும் 554 போர்ட்டை ரவுட்டரில் இணையத்துக்குத் திறக்கவே திறக்காதீர்கள், விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனிவழி) போதும்.

சரி, அலாரம். கதவில் ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை) சென்சார் ஒட்டி, ஹோம் அசிஸ்டன்ட்டிலேயே உள்ள மேனுவல் அலாரம் பேனலைச் சேர்த்து, அந்தப் பேனல் ஆர்ம் ஆகியிருக்கும்போது (காவல் நிலையில் இருக்கும்போது) கதவு திறந்தால் அலாரம் கிளம்பி, சைரன் அடித்து, கேமரா படம் போனுக்கு வருமாறு ஆட்டோமேஷன் (தானாக நடக்கும் கட்டளை) எழுதுங்கள். நீங்களே உள்ளே வந்து அலாரத்தை நிறுத்த 30 நொடி அவகாசம் வையுங்கள். கேமரா காட்டும் அசைவை நம்பி மட்டும் சைரனை விடாதீர்கள், நடுராத்திரியில் பூனை போனாலும் தெருவே எழுந்துவிடும். அப்புறம், கரன்ட் போனால் எல்லாமே படுத்துவிடும் என்பதால் ரவுட்டர், கேமரா, ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் பெட்டி மூன்றுக்கும் யுபிஎஸ் கொடுங்கள்.