மகளிர் பள்ளியில் த்ரோபால் அணி தேர்ந்தெடுப்பது எப்படி?

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்து மகளிர் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றியபோது நான் கண்டவரையில், வலைக்கு இருபுறமும் நின்று பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் த்ரோபாலுக்கு அணி ஆள் எடுக்கும் வேலை பெரும்பாலும் ஒரே மாலையில் முடிந்துவிடும். உயரமானவர்களும் சென்ற ஆண்டு ஆடியவர்களும் முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். எல்லோருக்கும் வாய்ப்பளித்தால் அணியின் தரம் குறையும் என்று சொல்லப்படுவதுண்டு. ஆடத் தெரிந்த பெண் தேர்வுக்கே வராமல் போவதால் குறையும் தரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆகவே முதலில் திருத்த வேண்டியது தேர்வு நேரத்தை. குறைந்தது மூன்று முறை தேர்வு வையுங்கள். அவற்றில் ஒன்று காலை வகுப்புக்கு முன்னும், ஒன்று பி.டி. பீரியடிலேயும் நடக்கட்டும். 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தின்கீழ் கர்நாடகப் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவு பெரிய தடையாக இருக்காது. ஆனால் இருட்டும் நேரத்தில் மகள் தனியாக வருவதைப் பல வீடுகளில் விரும்புவதில்லை. இரண்டு மாலை வராத ஒரு மாணவியை ஆர்வமில்லாதவள் என்று குறித்து நானே ஒருமுறை நீக்கியிருக்கிறேன். அவள் அந்த நேரத்தில் தம்பியை டியூஷனிலிருந்து அழைத்துவரப் போயிருந்தாள் என்பது போட்டிகள் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

அடுத்து, எதைப் பார்த்து மதிப்பெண் போடுவது என்பதைத் தேர்வுக்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். த்ரோபாலில் ஒரு பக்கத்துக்கு 7 பேர் ஆடுகிறார்கள். பிடித்த பந்தை 3 விநாடிக்குள் தோளுக்கு மேலாக ஒரே கையால் எறிந்தாக வேண்டும். எனவே தடுமாறாமல் பிடிப்பது, பிடித்தவுடன் எறிவது, எதிரணியில் ஆளில்லாத இடத்தைக் கண்டு அங்கே போடுவது, பக்கத்தில் இருப்பவளுக்குக் குரல் கொடுப்பது ஆகிய நான்குக்கும் தலா 5 மதிப்பெண் வைத்தால் போதும். உயரத்துக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். உயரத்தால் வலையருகே கிடைக்கும் பயன் எறிதலிலேயே தெரிந்துவிடும். மாணவியருக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுத்து, இரண்டு ஆசிரியைகள் ஒருவர் தாளை மற்றவர் பாராமல் மதிப்பிட வேண்டும். அவர்களில் ஒருவர் அந்த மாணவியருக்குப் பாடம் நடத்தாதவராக இருப்பது நல்லது.

வயதையும் கவனியுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஜனவரியில் பிறந்தவளும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவளும் ஒன்றாக நிற்கிறார்கள். அந்த வயதில் பதினொரு மாத வளர்ச்சி என்பது பெரிய இடைவெளி. மதிப்பெண்ணுக்கு அருகில் பிறந்த மாதத்தையும் குறித்து, மயிரிழையில் தவறிய இளையவர்களை ஆறு மாதம் கழித்து மீண்டும் பாருங்கள்.

உடை விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. தலையை மூடி ஆடுவதைக் கால்பந்தில் ஃபிஃபா 2014-லும், கூடைப்பந்தில் ஃபிபா 2017-லும் அனுமதித்துவிட்டன; பள்ளி அளவில் தடுக்கக் காரணமே இல்லை. அடர்நிறக் கால்சட்டையோ டிராக் பேன்ட்டோ அணிய விடுங்கள். மாதவிடாய் நாளில் வர முடியாதவளுக்குக் காரணம் கேட்காமலேயே இன்னொரு நாள் கொடுங்கள்.

மாற்றுத்திறனாளி மாணவியருக்கும் பிறருக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பு தர வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கல்வி நிறுவனங்களின் கடமை. காது கேளாத மாணவி இருந்தால் விசிலோடு ஒரு கொடியையும் அசைத்தாலே போதும்; மதிப்பீட்டுத் தாள் எல்லோருக்கும் ஒன்றுதான்.

முதல் அணியைத் திறமையை மட்டுமே வைத்து அமையுங்கள். அதில் இரக்கத்துக்கு இடம் தர வேண்டாம். அதே சமயம் இரண்டாம் அணியும் பெயரளவில் இல்லாமல் பக்கத்துப் பள்ளிகளோடு உண்மையான ஆட்டங்கள் ஆட வேண்டும். லீக் சுற்றில் மாற்று ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு செட்டாவது கிடைக்கும் என்றும், நாக்-அவுட்டில் பயிற்சியாளர் முடிவே இறுதியானது என்றும் பெற்றோருக்கு முன்கூட்டியே அவர்கள் படிக்கும் மொழியில், தமிழோ கன்னடமோ உருதுவோ, எழுதி அனுப்பிவிடுங்கள்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முந்தைய நாளே, இடம் கிடைக்காதவர்களைத் தனித்தனியே அழைத்துத் தாளைக் காட்டி, எந்தத் திறனில் எத்தனை மதிப்பெண் குறைந்தது, அடுத்த தேர்வு எந்தத் தேதியில் என்பதைச் சொல்லிவிடுங்கள்.