எச் 61 போர்டில் பழைய ஐ5 மாட்டுவது எப்படி

கணினி மெதுவாக இழுக்கிறது என்றதும் புராசஸர் (கணினியின் மூளையான சிப், சிபியு என்பதும் அதுதான்) தேடிக் கிளம்பிவிடாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து, வழக்கமான வேலையைப் பத்து நிமிடம் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு 30-ஐத் தாண்டவில்லையா? கோளாறு ஹார்ட் டிஸ்க்கில்தான். அதற்குப் பதிலாக வேகமான சேமிப்பகமான 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் தீர்ந்துவிடும். சிபியு 100-லேயே கிடந்தால் மட்டும் புராசஸருக்குச் செலவு செய்யலாம்.

அடுத்து, மதர்போர்டின் பெயர். ராம் ஸ்லாட்டுக்குப் பக்கத்திலோ நடுவிலோ அச்சடித்திருக்கும். சிபியு-இசட் மென்பொருளும் காட்டும். 2011 முதல் 2013 வரை அசெம்பிள் செய்த வீட்டுக் கணினிகளில் எச் 61 போர்டு சாதாரணம். அதில் புராசஸர் உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 1155. இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை மட்டுமே அதில் உட்காரும். நான்காம் தலைமுறைக்கு 1150 வேண்டும்.

பென்டியமோ ஐ3-2100-ஓ இருக்கும் இடத்தில் மூன்றாம் தலைமுறை ஐ5-3470 வைப்பதுதான் காசுக்கேற்ற மாற்றம். நான்கு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், 77 வாட். ஐ7-3770-உம் 77 வாட்தான். எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை) கிடைக்கும், ஆனால் பாடம் படிக்கவும் பில் போடவும் அது தேவையில்லை. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனியுங்கள். 3470 டி என்பதில் இரண்டே கோர். 3350 பி-யிலும் ஜியான் இ3-1230 வி2-விலும் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாவிட்டால் திரை கருப்பாகவே இருக்கும். கே என்று முடிவதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், எச் 61-ல் ஓவர்கிளாக் (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) ஆகாது.

பலர் சறுக்குவது பயாஸில், அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் போர்டின் உள் மென்பொருளில். எச் 61 பழைய பயாஸோடு இருந்தால் மூன்றாம் தலைமுறை சிப்பை அடையாளம் காணாது. ஆகவே பழைய புராசஸர் உள்ளே இருக்கும்போதே, போர்டு கம்பெனியின் தளத்தில் ஆதரவுப் பட்டியலைப் பார்த்து, அதில் சொன்ன பயாஸை எஃப்ஏடி 32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போட்டு அப்டேட் செய்துவிடுங்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் அடிக்கும் நாளில் இதைத் தொடவே வேண்டாம்; யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கியாவது செய்யுங்கள்.

பழைய சிப்பை நேரில் பார்த்து வாங்குவது நல்லது. பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போகிறவர் யாராவது இருந்தால் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் பார்த்து வரச் சொல்லலாம். மேல்மூடியில் எண் தெளிவாக இருக்க வேண்டும். அடியில் தங்கப் புள்ளிகளில் கருகல், கீறல் இருக்கக் கூடாது. ஒரு வாரமாவது மாற்றித் தரும் உறுதி கேளுங்கள். சிப், தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) எல்லாம் சேர்ந்து, ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய) ஆபீஸ் கணினி விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தக் கணினியையே வாங்கிவிடலாம்.

மாற்றும் நாளில் முதலில் பத்து நிமிடம் கணினியை ஓட்டுங்கள். காய்ந்த பேஸ்ட் சூட்டில் இளகும். பிறகு ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்துங்கள். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஃபேன் ஒயரைக் கழற்றி, சிப்பின் மேலிருக்கும் கூலரின் நான்கு பின்களையும் அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுங்கள். வராவிட்டால் லேசாக இடவலம் அசையுங்கள், நெம்ப வேண்டாம்.

சாக்கெட் நெம்புகோலை அமுக்கி வெளியே தள்ளித் தூக்கினால் மூடி திறக்கும். பழைய சிப்பை ஓரம் பிடித்து நேராகத் தூக்கி எடுங்கள். உள்ளே மயிரிழைப் பின்கள் 1155. விரலோ துணியோ படவே கூடாது. ஒன்று வளைந்தாலும் ஒரு ராம் ஸ்லாட் செத்துப்போகலாம், கணினியே ஆன் ஆகாமலும் போகலாம். புதிய சிப்பின் ஓரப் பள்ளங்கள் இரண்டையும் சாக்கெட்டின் மேடுகளோடு ஒப்பிட்டு நேராக வையுங்கள். தன் எடையிலேயே உட்கார வேண்டும். நெம்புகோலை மூடும்போது மட்டும் நன்றாக அழுத்தம் தெரியும், பயப்பட வேண்டாம்.

கூலர் அடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இடுக்கில் அடைந்த தூசியைப் பெயின்ட் பிரஷ்ஷால் எடுங்கள். சிப்பின் நடுவே சிறு பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பின்களை அம்புக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலையாக, 'டக்' என்று கேட்கும்வரை அமுக்குங்கள். நான்கில் ஒன்று ஏறாவிட்டாலும் சூடு எகிறும். போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்து நான்கும் வெளியே வந்திருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். இந்த வேலையோடு போர்டிலுள்ள காசு வடிவச் சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

முதல் தடவை இரண்டு மூன்று முறை தானே ரீஸ்டார்ட் ஆகலாம். திரை வரவில்லையென்றால் ராமைக் கழற்றி, தங்க விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். ஈரக் காற்றுள்ள ஊரில் அங்கேதான் களிம்பு ஏறும். அதற்கும் வராவிட்டால் பழைய சிப்பை வைத்துப் பாருங்கள், பழுது எங்கே என்று பிடிபடும். வந்துவிட்டால் கோர் டெம்ப் மென்பொருளில் அரை மணி நேரம் சிப்பின் சூடு பாருங்கள். முழு வேலையில் 80 டிகிரியைத் தாண்டினால் கூலரைத் திரும்ப மாட்ட வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இந்தச் சிப்புகள் விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டால் 8 ஜிபி ராமோடு பிள்ளைகளின் படிப்புக்கும் இணையத்துக்கும் தாராளமாக ஓடும்.