கல்லூரி மாணவர்கள் மாலை வகுப்பு தொடங்குவது எப்படி? செமஸ்டரோடு நின்றுபோகாமல் நடத்த ஒரு செய்முறை

கல்லூரிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கிளம்பும் குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜூலையில் இருபது பேர் சேருவார்கள், வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள், பேனர்கூட அடித்துவிடுவார்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வு வந்ததும் வகுப்பு நிற்கும். டிசம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. அவர்களுக்கு ஆள் தேவைப்படும் அந்த நேரத்தில் அண்ணன்களும் அக்காக்களும் விடுமுறைக்குச் சொந்த ஊர் போயிருப்பார்கள். ஏப்ரலிலும் இதே கதைதான். அதனால் பாடம் நடத்தும் முறையைச் சொல்வதோடு, வகுப்பு நிற்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் 5 முதல் 10 வரை படிக்கும் பிள்ளைகளையும், கலை அறிவியல் அல்லது பொறியியல் கல்லூரியில் படிக்கும் உங்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: இரண்டு காலண்டரையும் ஒரே தாளில் எழுதுங்கள்

ஆள் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒரு பக்கம் உங்கள் கல்லூரியின் இன்டர்னல் தேர்வு, பிராக்டிகல், ஸ்டடி ஹாலிடே, செமஸ்டர் விடுமுறை. எதிர்ப் பக்கம் பள்ளியின் காலாண்டு, அரையாண்டு, பொதுத்தேர்வு, முழு ஆண்டுத் தேர்வு. எந்தெந்த வாரங்களில் பிள்ளைகளுக்கு நீங்கள் வேண்டும், உங்களால் வர முடியாது என்பது தாளைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அந்த வாரங்களுக்கு யார் வருவார்கள் என்று பெயர் எழுத முடிந்தால் தொடங்கலாம். முடியாவிட்டால் இன்னும் ஆள் தேடுங்கள்.

எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? விடுதி மாணவர்கள் ஆர்வமாக வருவார்கள், ஆனால் லீவு விட்டால் பேருந்து ஏறிவிடுவார்கள். அதே ஊரில் வீடு உள்ள டே ஸ்காலர்கள் குழுவில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். கடைசி ஆண்டு மாணவர்களை மட்டும் நம்பாதீர்கள், ப்ளேஸ்மென்ட் தொடங்கினால் அவர்களைப் பிடிக்க முடியாது. முதல், இரண்டாம் ஆண்டு மாணவர்களை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அளவு. ஆறு பேர், பதினைந்து பிள்ளைகள், வாரத்தில் இரண்டு நாள், மாலை 6 முதல் 7.30 வரை. தொடக்கத்துக்கு இது போதும். வாரம் ஐந்து நாள் என்று அறிவித்துவிட்டு மூன்று நாள் வராமல் போனால், வருகிற நாளிலும் பிள்ளைகள் வர மாட்டார்கள். இன்டர்னல் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வைத்து, வீட்டுப்பாடம் செய்யும் நேரமாக நடத்துங்கள். அதை முந்தைய வாரமே சொல்லிவிட வேண்டும்.

படி 2: அனுமதியும் இடமும்

உங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்) இருந்தால் அதன் திட்ட அலுவலரிடம் முதலில் பேசுங்கள். 1969-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். மாலை வகுப்பில் செலவிடும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் ஆள் சேர்ப்பது எளிதாகும். இந்தத் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமைப் பாடம் நடத்தப் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஒரு வாரத்தில் யாருக்கும் வாசிப்பு வந்துவிடாது. ஆனால் வீடு வீடாகப் போய் யார் வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், யார் படிப்பை நிறுத்திவிட்டார்கள் என்று விசாரித்து எழுத அந்த ஏழு நாள் அருமையான வாய்ப்பு.

அடுத்து பள்ளித் தலைமையாசிரியர். பள்ளி என்ன நடத்துகிறதோ அதற்குத் துணையாகத்தான் வருகிறோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொரோனா காலத்துக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் அந்தத் தெருவில் யாராவது தன்னார்வலராக இருந்தாரா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்தான் இருந்திருப்பார். எந்த வீட்டுப் பிள்ளை எப்போது வரும், யார் அப்பாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் உங்கள் விடுமுறை நாட்களுக்கும் ஒரு ஆள் கிடைக்கும்.

இடத்துக்கு சமுதாயக் கூடம், ஊர் நூலகம், அங்கன்வாடி என்று எதைக் கேட்டாலும் நான்கு விஷயம் பாருங்கள்: வெளிச்சம், கழிப்பறை, தெருவிலிருந்து உள்ளே பார்க்க முடிகிற வாசல், சாவி யாரிடம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கோயில் மண்டபமோ, ஒரு தெருவுக்கு உரிய கூடமோ என்றால், அங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தயங்காமல் நுழைய முடியுமா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். இதை உங்களிடம் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். சில பிள்ளைகள் வராமலே இருந்துவிடுவார்கள்.

படி 3: எந்த வகுப்பு என்று கேட்காமல் எந்த நிலை என்று பாருங்கள்

புதியவர்கள் நேராக ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். எதிரே இருக்கும் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தையே சரளமாக வாசிக்க வராமல் இருக்கலாம். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் சொல்லித் தரும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லித் தருகிறார்கள். நீங்களும் முதல் இரண்டு வாரத்தைப் பிள்ளைகளைத் தெரிந்துகொள்வதற்கே ஒதுக்குங்கள்.

வாசிப்பைப் பார்க்க ஐந்து தாள் தயார் செய்யுங்கள்: தனி எழுத்துகள், இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள், எளிய வாக்கியங்கள் நான்கு, ஒரு சிறு பத்தி, பத்து வரிக் கதை. பிள்ளையைத் தனியே உட்கார வைத்து, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பையன் தங்கச்சி வயதுப் பிள்ளைகள் முன்னால் திணறினால் மறுநாள் வர மாட்டான். பாடப்புத்தகத்தில் இருந்து எடுக்காதீர்கள். பல பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள், வாசிப்பது போலவே இருக்கும். சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேளுங்கள்.

எங்கே தடுக்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொ, கோ, கௌ வரிசையில் கொம்பு முன்னால் வருவதால் பல பிள்ளைகள் ‘கெ’ என்றே தொடங்குவார்கள். மெய்யெழுத்தின் புள்ளியைக் கவனிக்காமல் ‘பட்டம்’ என்பதை எழுத்தெழுத்தாக இழுப்பார்கள். இதெல்லாம் சில வாரப் பயிற்சியில் சரியாகிவிடும். ல, ள, ழ உச்சரிப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதைத் திருத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை வாயே திறக்காது.

கணக்குக்கு ஒரே ஒரு கேள்வி நிறையச் சொல்லும்: 302 − 148. சரியான விடை 154. பல பிள்ளைகள் 246 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று அடித்துவிடாதீர்கள், அதற்குள் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள்: 8-இல் 2 போனால் 6, 4-இல் 0 போனால் 4, 3-இல் 1 போனால் 2. இந்தப் பிள்ளைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று எத்தனை முறை சொன்னாலும் பயன் இருக்காது. பழைய காலண்டர் தாளை வெட்டி 100, 10, 1 ரூபாய் நோட்டுகள் செய்யுங்கள். 302 ரூபாயைக் கையில் கொடுத்து, கடைக்காரருக்கு 148 ரூபாய் தரச் சொல்லுங்கள். தர முடியாது, சில்லறை வேண்டும். ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாயாக மாற்றி, அதில் ஒன்றை மறுபடி ஒற்றை ரூபாயாக மாற்றினால் கையில் இரண்டு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று இருக்கும். இதைச் சில முறை கையால் செய்த பிறகு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மளிகைக்கடைக்குப் போய் வருகிற பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பார்த்து முடித்ததும் மூன்று குழுவாகப் பிரியுங்கள். ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் ஒரே குழுவில் இருந்தால் பெரியவனுக்குக் கூச்சமாக இருக்கும். அவனைச் சிறியவர்களுக்குக் கதைப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற, கணக்கு நோட்டுகளை எண்ணுகிற பொறுப்பில் வையுங்கள். அங்கே உட்காருவதற்கு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

படி 4: அந்த ஒன்றரை மணி நேரம்

முதல் பத்து நிமிடம் பேச்சு, பள்ளியில் என்ன நடந்தது, யார் வரவில்லை. அடுத்த முப்பது நிமிடம் குழுவாரியாக வாசிப்பு. அதற்கடுத்த முப்பது நிமிடம் கணக்கு. மிச்ச நேரம் வீட்டுப்பாடம். வீட்டுப்பாடத்தை முதலில் வைத்தால் அதுவே முழு நேரத்தையும் தின்றுவிடும், நீங்களும் விடை சொல்லித் தரும் கைடு புத்தகமாகிவிடுவீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வரிசையை மாற்றலாம். ஜனவரிக்குப் பிறகு அவர்களுக்குப் பொதுத்தேர்வுதான் எல்லாம்.

வருகைப் பதிவு எடுங்கள், வராததற்குத் திட்டாதீர்கள். காரணத்தை எழுதுங்கள். முகூர்த்த நாளில் பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் போவார்கள். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் தெருவே அங்கே இருக்கும். அம்மா வேலையிலிருந்து வரத் தாமதமானால் பெண் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தம்பியையும் கூட்டி வரச் சொல்லுங்கள், ஒரு மூலையில் கலர் பென்சிலோடு உட்காரட்டும்.

படி 5: விட்டுக்கொடுக்கக் கூடாத விதிகள்

பூட்டிய அறையில் ஒரு பிள்ளையோடு ஒரு தன்னார்வலர் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவராவது பெண். பிள்ளைகளோடு தனியாக வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் பேச்சு வேண்டாம், தகவலைப் பெற்றோர் எண்ணுக்கு அனுப்புங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அடிப்பது, முட்டி போட வைப்பது, ‘மக்கு’ என்பது கூடவே கூடாது.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்காமல் சொல்வதைக் கேளுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் திட்ட அலுவலரிடமும் அன்றே சொல்லுங்கள். பாலியல் கொடுமை என்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதைத் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

படி 6: பாடம் தவிர நீங்கள் தரக்கூடியது

என் கணக்கில் இதுதான் கல்லூரி மாணவரால் மட்டும் செய்யக்கூடிய வேலை. கல்லூரிக்கு விண்ணப்பித்து, கவுன்சிலிங் போய், சான்றிதழுக்கு அலைந்த நினைவு உங்களுக்கு இன்னும் பச்சையாக இருக்கிறது. பல வீடுகளில் அதைச் செய்தவர் ஒருவரும் இல்லை.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ் என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும், பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறன் தாளில் 90 கேள்வி, படிப்புத் திறன் தாளில் 90 கேள்வி. மனத்திறன் கேள்விகளுக்குப் பள்ளிப் பாடத்தில் தனி இடம் இல்லை, உங்களிடம் பயிற்சி எடுத்தால் பிள்ளைகளுக்கு நல்ல பலன் கிடைக்கும். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், எனவே தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் ஒன் மட்டுமே வழி என்று நினைக்கும் வீடுகள் உண்டு. மூன்று ஆண்டு பாலிடெக்னிக் முடித்து நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதைச் சொல்லுங்கள். ஐடிஐயில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும், பள்ளியை விட்டு நின்றுபோன பையனுக்கு இது முக்கியமான தகவல்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். ஏழாம் வகுப்பிலேயே பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இப்படிப் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை.

சரி, காகித வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் கூட்டம் தள்ளும். அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை பெற்றோர்களோடு போய் முடித்துவிடுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுச் சான்றிதழில் வேறு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அதைத் திருத்தவே பல வாரம் ஆகும். அப்பா பெயரின் இனிஷியலையும் சரிபாருங்கள், அதிகம் மாட்டுவது அங்கேதான்.

படி 7: கைமாற்றம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் வீதம் ஒரு நீள நோட்டு போடுங்கள். பெயர், வகுப்பு, வாசிப்பு நிலை, கணக்கில் எங்கே நிற்கிறது, வீட்டில் யாரிடம் பேச வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு வரி சேர்த்தால் போதும். கூகுள் ஷீட் அழகாக இருக்கும், ஆனால் உருவாக்கியவர் படிப்பு முடிந்து போனதும் கூடவே போய்விடும். நோட்டு கூடத்திலேயே இருக்கட்டும். வீட்டு விவரங்கள் இருப்பதால் பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

ஜூனியர்களிடம் பொறுப்பைக் கடைசி ஆண்டு மே மாதத்தில் ஒப்படைத்தால் தாமதம். ஐந்தாம் செமஸ்டரில், பொறியியல் என்றால் ஏழாவதில், செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் காலாண்டு, அரையாண்டு இரண்டையும் அவர்கள் நடத்தும்போது நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க முடியும். ஒவ்வொரு ஜூனியரையும் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒருமுறை நேரில் அழைத்துப் போய், ‘இனிமேல் இந்த அக்காதான் வருவாங்க’ என்று அறிமுகம் செய்யுங்கள். கூடத்துச் சாவி வைத்திருப்பவரிடமும் அவர்களைக் கூட்டிப் போக மறக்காதீர்கள்.