நயாகரா: அருவியோடு திரும்பி வந்துவிடாதீர்கள்

நயாகரா என்றால் அருவி, அவ்வளவுதான் என்று நினைப்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. அது ஓர் ஆறு. ஈரி ஏரியில் கிளம்பி, 58 கிலோமீட்டர் மட்டும் ஓடி, ஒன்டாரியோ ஏரியில் சேர்ந்துவிடுகிறது. அதற்குள் சுமார் 99 மீட்டர் இறங்குகிறது, அதில் பாதிக்கு மேல், நயாகராவின் மூன்று அருவிகளில் பெரியதான குதிரைலாட அருவியில் (Horseshoe Falls) ஒரே குதி.

கனடா வடக்கே, அமெரிக்கா தெற்கே என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆறு வடக்கு நோக்கி ஓடுவதால் மேற்குக் கரை கனடா, கிழக்குக் கரை அமெரிக்கா. இது ஏன் முக்கியம் என்றால், டொராண்டோவிலிருந்து விடிகாலையில் அடித்துப்பிடித்துக் கிளம்பிப் போனால், கனடாக் கரையில் நின்று கிழக்கே அருவியைப் பார்க்கும்போது வெயில் நேரே உங்கள் முகத்தில் அடிக்கும், படமெல்லாம் இருட்டடிக்கும். வெயில் உள்ள நாளில் மதியத்துக்கு மேல் போங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும், வானவில்லும் கிடைக்கும்.

ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்க: இரு கரையையும் இணைக்கும் ரெயின்போ பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. கையில் கனடா விசா மட்டும் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு அதைக் கடக்க முடியாது. அருவிக்குப் பக்கத்தில் கூட்டிப்போகும் படகுக்கு அந்தக் கவலை இல்லை, ஏறிய கரையிலேயே இறக்கிவிடுவார்கள் (சிவப்பு மழைக்கோட்டு கனடாப் படகு, நீலம் அமெரிக்கப் படகு).

இரவில் வண்ண விளக்கைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா தண்ணீர்?" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். 1950இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்துப் பகலில் நொடிக்கு 1,00,000 கன அடி தண்ணீராவது அருவியில் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும், மிச்சம் மின் நிலையங்களுக்குப் போகிறது. அருவியையே குழாய் மாதிரி திருகி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

குளிர்காலத்தில் முழுசாக உறைந்துவிடும் என்பதும் தப்பு, பனிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முன்பு அருவிக்குக் கீழே சேரும் பனிமேல் மக்கள் நடந்து போவார்கள். 1912இல் அது உடைந்து மூன்று பேர் இறந்த பிறகு தடை செய்துவிட்டார்கள்.

அப்புறம், திரும்பும்போது நேரே ஹைவேயைப் பிடிக்காமல் ஆற்றோரச் சாலையில் வடக்கே போங்கள். ஆறு செங்கோணத்தில் திரும்பும் இடத்தில் பெரிய சுழல் ஒன்று இருக்கிறது, தண்ணீர் குறையும் நேரத்தில் அது எதிர்த்திசையில் சுற்றும். கடைசியில் நயாகரா-ஆன்-த-லேக் என்ற சிற்றூர். ஆறு அங்கே ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஏரிக்குள் போகிறது, எதிரே அமெரிக்கக் கரையில் ஒரு பழைய கோட்டை.